நன்றாக நின்ற கல்

"அளக்குதீய, சரி. எங்கன நின்னு அளக்குதீய?"

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், ஓர் உப்பள வரப்பில் வைத்து, சுடலைவடிவு என்ற பெண் எப்சிபாவிடம் இதைக் கேட்டாள். அப்போது எப்சிபாவுக்கு இருபத்துமூன்று வயது. நில அளவைத் துறையில் சேர்ந்து ஏழாவது மாதம். கையில் ரோவர் கோல் இருந்தது. ஆள் உயரக் கோலின் தலையில் காளான் குடை மாதிரி ஒரு கருவி. அது எந்நேரமும் வானத்துச் செயற்கைக்கோள்களோடு பேசிக்கொண்டிருக்கும். கேட்டவளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். தலையில் சும்மாடு, முழங்கால்வரை உப்புச் சேறு.

"இங்கனதான் நிக்கேன், கண்ணு தெரியலையா?" என்றாள் எப்சிபா.

"அது தெரியுது," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வடிவு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அது மாற்றக் காலம். மாநிலத்தின் ஒவ்வொரு வயலும் வீட்டடியும் பழைய கணக்கிலிருந்து புதிய கணக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய கணக்கு கல்லில் தொடங்கியது. இந்தக் கல்லிலிருந்து வடக்கே இத்தனை சங்கிலி, அங்கிருந்து கிழக்கே இத்தனை என்று போகும். புதிய கணக்கு பூமியின் நடு மையத்தில் தொடங்கியது. அங்கிருந்து பார்த்தால் எந்த மூலைக்கும் மூன்றே மூன்று எண்கள். ஒரு கணக்கிலிருந்து மற்றதற்குத் தாவ வேண்டுமானால், இரண்டிலும் இடம் தெரிந்த கற்கள் சில வேண்டும். அவற்றைப் பொதுக்கற்கள் என்றார்கள்.

வெள்ளைத்தட்டு என்ற அந்த ஊரில் மூன்று பொதுக்கற்கள் இருந்தன. முதலாவது ஊர் நடுவில், உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கியின் அடித்தளத்தோடு சேர்ந்து பதிந்திருந்தது. யானை கட்டி இழுத்தாலும் அசையாது. இரண்டாவது, அங்கிருந்து வடக்கே இரண்டாயிரம் அடியில், வடிவின் வீட்டை ஒட்டிய வரப்பின் தலையில் நின்றது. மூன்றாவது, மேற்கே ஆயிரம் அடியில், முள் அடர்ந்த உடங்காட்டுக்குள் தலை உடைந்து, அடிப்பாதி மட்டும் மண்ணில் புதைந்து கிடந்தது.

மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டாள். ஒத்துப்போகவில்லை. முதல் இரண்டு கல்லையும் நம்பினால், உடைந்த கல் நான்கு அடி தள்ளி விழுந்தது. உடைந்த கல்லை நம்பினால், வரப்புக் கல் எட்டு அடி தள்ளி விழுந்தது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ஒத்துவராத கல்லைக் கழித்துவிடு என்பது அலுவலக விதி.

எதைக் கழிப்பது? வரப்புக் கல் வெள்ளையடித்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளிப் பூவோடு தூக்குக்குண்டு பிடித்தது போல நேராக நின்றது. உடைந்த கல்லின்மேல் ஆட்டுப் புழுக்கை. எந்த அளவையரும் செய்திருக்கக்கூடியதை எப்சிபா செய்தாள். நன்றாக நின்ற கல்லை வைத்துக்கொண்டாள். திரையில் பிழை பூஜ்யம் என்று வந்தது. மேலதிகாரி எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். வரப்புக் கல் இனி அசையக் கூடாது என்று அதன் காலைச் சுற்றி சிமெண்ட் பூசிவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு இருநூற்றுப் பதினொரு ஊர்களை மாற்றினாள். பெரும்பாலும் பூஜ்யம். துறையில் அவளுக்கு 'பூஜ்யம் எப்சி' என்றே பெயர். படிப்படியாக ஏறி மாவட்ட மாற்ற மையத்தின் தலைமை அலுவலர் ஆனாள்.

பிறகு 'எண்ணே எல்லை' என்ற சட்டம் வந்தது. கல், வேலி, வரப்பு எதுவும் இனி சாட்சி இல்லை. வானக் கணக்கின் எண்தான் எல்லை. அதைக் காக்க எல்லைவண்டிகள் வந்தன. ஓட்டுநர் கிடையாது. எண்ணைத் தாண்டி நிற்பதை இடித்துத் தள்ளிவிட்டு, அந்தக் கோட்டில் ஒரு சுவரும் எழுப்பிவிட்டுப் போகும். முறையீடு செய்யலாம், பிழை உள்ள ஊர்களில் மட்டும். பூஜ்யச் சான்று பெற்ற ஊரில் முறையீடு இல்லை. பிழையே இல்லாத இடத்தில் என்ன முறையிடப் போகிறீர்கள் என்று கேட்டது சட்டம்.

*

"மேடம், ஒங்களப் பாக்க மூணு மணி நேரமா உக்காந்திருக்கேன்," என்றார் தவசிக்கனி. "ஒங்க வண்டி எங்க வீட்டப் பாக்க நாளைக்குக் காலைல பத்து மணிக்கெல்லாம் வந்துருவானாம். அவனுக்குள்ள அவசரம் ஒங்களுக்கு இல்ல."

அவர் வெள்ளைத்தட்டின் தெற்கு வரிசையைச் சேர்ந்த கொத்தனார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையில் தட்டைப் பென்சில்.

"சொல்லுங்க அண்ணாச்சி. என்ன பிரச்சினை?"

"நாப்பத்தோரு வீடு. அம்புட்டும் முப்பத்திரண்டு அடி கெழக்க தள்ளி, சோலார் பண்ணைக்காரன் நெலத்துல ஏறி உக்காந்திருக்காம். எங்கப்பா கட்டுன வீடு அது. பின்னால போயி தூக்கி வச்சிட்டு வாரதுக்கு அது என்ன ஆட்டுக்குட்டியா?"

"வெள்ளைத்தட்டு பூஜ்ய ஊர் அண்ணாச்சி. நானே மாத்தினது. அதுல தப்பு வர வழியில்ல." எப்சிபா கோப்பைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். "பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "எத்தன கல்ல வச்சு போட்டிய?"

"ரெண்டு."

"ரெண்டா?" கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு ஆணி அடிச்சு நூல் கட்டுனா, நூல் எப்பவும் நேராத்தான மேடம் நிக்கும்? ஆணிய எங்க அடிச்சாலும் நிக்கும். நூலு நேரா இருக்கேன்னு சொவரு நேரா இருக்குன்னு எவனாவது சொல்லுவானா? மூணாவது ஆணில தட்டுதான்னு பாக்கணும்லா."

எப்சிபா திரையைப் பார்த்தாள். பூஜ்யம் அங்கேயே இருந்தது. இரண்டு கற்களை வைத்துப் போட்டால் அது எப்போதும் அங்கேதான் இருக்கும். இது அவளுக்குத் தெரியாததல்ல. முதல் வருடப் பாடத்திலேயே இருந்தது. கைதட்டல் கேட்ட நாளிலிருந்து அதை மறுபடி நினைத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

கன்னம் சூடாயிற்று. வெட்கத்தை நாளை மாலைக்குமேல் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

"அண்ணாச்சி, மூணாவது ஆணி ஒண்ணு உண்டு," என்றாள், ரோவர் கோலைச் சுவரிலிருந்து எடுத்தபடி. "உடங்காட்டுக்குள்ள கெடக்கு. கடப்பாரை இருக்கா ஒங்ககிட்ட?"

*

உடைந்த கல்லைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முள் இரண்டு பேரையும் நன்றாகவே விசாரித்தது. எப்சிபா கல்லின் அடியைத் தோண்டச் சொன்னாள். ஒன்றரை அடி ஆழத்தில் கடப்பாரை கறுப்பாக வந்தது.

"கரியில்ல இது?" என்றார் தவசிக்கனி.

"கரிதான். அந்தக் காலத்துல கல்லு நடுறதுக்கு முன்னால குழில கரியைக் கொட்டுவாங்க. கரி மக்காது. கல்லை எவனாவது பிடுங்கிட்டுப் போனாலும் இடம் காட்டிக் குடுக்கும். இந்தக் கல்லு பிறந்ததுலேருந்து இங்கயேதான் இருக்கு."

"அப்ப அவன் சரி. அந்தப் பூ வச்ச மகராசன்தான் பொய்யா?"

வரப்புக் கல்லுக்குப் போனார்கள். சிமெண்டின் ஓரமாகக் கம்பியைச் சாய்த்து, கல்லுக்கு நேர் அடியில் விட்டுப் பார்த்தாள். களிமண்தான் வந்தது. கரி இல்லை.

சத்தம் கேட்டு வடிவு வீட்டிலிருந்து வந்தாள். முன் தலையில் கொஞ்சம் நரை. மற்றபடி அதே சிரிப்பு.

"சர்வேயரம்மாவா! இவ்ளோ வருசம் கழிச்சு எங்க கல்லைக் குத்திப் பாக்க வந்தியளா? உசுரு இருக்கான்னா?"

"வடிவு, இந்தக் கல்லை யாராவது எடுத்தாங்களா?"

"எடுக்காம? வருசா வருசம் எடுப்போம்லா." கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டது போலப் பார்த்தாள். "மழ முடிஞ்சதும் மேற்க ஓடைத் தண்ணி அடிச்சு வரப்புல பாதி போயிரும். தை மாசம் கெழக்கப் பக்கம் மண்ணு போட்டு வரப்பைத் திரும்ப எடுப்போம். அப்ப இவரைத் தூக்கி, நல்ல தண்ணில குளிப்பாட்டி, சுண்ணாம்படிச்சு, புது வரப்புத் தலைல நட்டுவோம். அப்பறந்தான் பாத்தில கால் வைப்போம். தெக்கு வரிசைக்காரங்கதான் தண்ணி கொண்டாருவாங்க. தவசியண்ணாச்சிட்ட கேளுங்க, அவரு கொடம் தூக்கிருக்காரா இல்லையான்னு."

"தூக்கிருக்கேன்," என்றார் தவசிக்கனி, குரல் இறங்கி. "நாங்க தண்ணியோட வந்துருவோம். நட்டுறத நாங்க பாக்குறதில்ல."

"வருசத்துக்கு எவ்வளவு கெழக்க போகும்?"

"ரெண்டு விரக்கடை. அதுக்கு மேல நடக்க மாட்டாரு. நீங்க வந்து சிமெண்ட பூசுன பொறவு அதுவும் இல்ல. அன்னைக்கோட இவருக்குக் கால் கட்டிப்போச்சு பாவம்."

கல் நட்டதிலிருந்து சிமெண்ட் பூசும்வரை எண்பது வருடம், வருடத்துக்கு இரண்டு விரல். எட்டு அடி. வரப்பு கல்லைப் பார்த்து எழுகிறது என்று துறை நம்பியது. இங்கே கல்தான் வரப்பைப் பார்த்து நின்றிருக்கிறது. எண்பது வருடம் ஊரே கூடிக் குளிப்பாட்டியதால்தான் அது அவ்வளவு நேராக நின்றது. அதனால்தான் இடம் மாறியது. யாரும் தொடாத கல் தன் இடத்திலேயே உடைந்து கிடந்தது.

எப்சிபா சற்றுத் தள்ளிப் போய் சென்னைக்குப் பேசினாள். இயக்குநர் அருள்வரதன் பொறுமையாகக் கேட்டார்.

"பூஜ்யத்தை நீங்களே திரும்ப வாங்குனா என்ன ஆகும்னு தெரியும்ல எப்சி? உங்க கையெழுத்து இருக்குற இருநூத்திப் பன்னெண்டு ஊரும் திறந்துக்கும்."

"தெரியும் சார்."

"ஒவ்வொரு ஊர்லேருந்தும் நாப்பது பேர் வந்து ஆபீஸ் வாசல்ல நிப்பாங்க."

"நிக்கட்டும் சார். இடிஞ்ச வீட்டு வாசல்ல நிக்கிறதுக்கு இது பரவாயில்ல."

அவர் பெருமூச்சு விட்டார். "கரியை சிஸ்டம் ஏத்துக்காது. கல்லு நகர்ந்ததைக் கண்ணால பார்த்தவங்க சொல்லணும். அதுவும் கல்லுக்கு அடுத்த பட்டாதாரர் வாயாலதான் சொல்லணும். யாரு அது?"

எப்சிபா திரும்பிப் பார்த்தாள். வடிவு கல்லின் தலையில் ஒட்டியிருந்த காய்ந்த பூவைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள்.

*

தவசிக்கனியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுத்தான் எப்சிபா வடிவிடம் பேசினாள். அடுக்களையில் வைத்துப் பேசினார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் வடிவே செங்கல் சுமந்து கட்டிய அடுக்களை. அதற்கு முன்னால் வெட்டவெளியில்தான் அடுப்பு. கடல்காற்று தினமும் இரண்டு தடவை தீயை அணைத்துவிட்டுப் போகும். இப்போது கதவு உண்டு, சன்னல் உண்டு, சிமெண்டுத் தரை உண்டு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் உட்கார்ந்துதான் வடிவு டீ ஆற்றினாள்.

"ஒரு தராசை நினைச்சுக்கோ," என்றாள் எப்சிபா. "நடுவுல கிட்டங்கிக் கல்லு. அது அசையாது. இந்த முனைல ஒன் கல்லு எட்டு அடி கெழக்க போயிட்டு. அதனால அந்த முனை மேற்க போயிட்டு. அந்தப் பக்கம் கை நீளம், நாலு மடங்கு. முப்பத்திரண்டு அடி. வீடு அங்கயேதான் இருக்கு, பட்டாதான் நழுவிட்டு."

"அப்ப திருப்பி வைங்க."

"வைக்கலாம். நீ கல்லு நடந்ததைச் சொன்னா வைக்கலாம்." எப்சிபா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா அந்த முனையைத் திருப்பினா இந்த முனையும் திரும்பும். எல்லை எட்டு அடி மேற்க வரும். இந்த அடுக்களை ஒன்னோடது இல்லன்னு ஆயிரும்."

வடிவு ஆற்றுவதை நிறுத்தவில்லை. டீ மட்டும் நூலாகாமல் இரண்டு மூன்று சொட்டு வெளியே விழுந்தது.

"அவங்களுக்கு அந்தக் கல்லு, எனக்கு இந்தக் கல்லுன்னு எழுத முடியாதா?"

"ஊருக்கு ஒரே கணக்குத்தான். ரெண்டு எழுதினா வண்டி ஏத்துக்காது."

"நல்லாருக்கு. நீங்க தப்பா அளப்பிய, நான் அடுப்பை அணைக்கணும். அன்னைக்கே கேட்டேனே, எங்கன நின்னு அளக்குதியன்னு. இங்கனதான் நிக்கேன், கண்ணு தெரியலையான்னிய. யாருக்குத் தெரியல?"

"எனக்குத்தான் தெரியல."

அந்தப் பதிலை வடிவு எதிர்பார்க்கவில்லை போலும். சண்டைக்கு மடித்துக் கட்டிய முந்தானையை அவிழ்த்தாள்.

"நான் சொல்லலன்னா?"

"நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வரும். நாப்பத்தோரு வீடும் போகும். ஒன் அடுக்களை நிக்கும். நீ சொல்லலங்கிறதை நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு ஒன்னைக் கேக்கணும்னே தெரியாது."

"வெளிய போங்க," என்றாள் வடிவு. கோபமாகச் சொல்லவில்லை. "சோறு வடிக்கணும்."

*

மறுநாள் ஒன்பதரை மணிக்கே எல்லைவண்டி தெற்கு வரிசைக்கு வந்துவிட்டது. லாரி அகலம், முகம் கிடையாது. முன்னாலிருந்து ஒரு மஞ்சள் ஒளிக்கோடு புறப்பட்டு, சுவர்மேல் ஏறி, வாசல் வழியே நுழைந்து, கட்டில், அரிசிப்பானை, சாமி படம் எல்லாவற்றையும் இரண்டாகப் பிளந்துகொண்டு நாற்பத்தோரு வீட்டையும் கடந்தது. ஜனங்கள் சாமான்களை வெளியே போட்டுவிட்டு நின்றார்கள். தவசிக்கனி கோட்டின்மேல் தன் தட்டைப் பென்சிலை வைத்துப் பார்த்தார். "கோடு என்னமோ நேராத்தான் போடுதான்," என்றார்.

ஒன்பது ஐம்பதுக்கு வடிவு வந்தாள். வேலைச் சேலை, தோளில் சும்மாட்டுத் துணி. யாரையும் பார்க்காமல் நேராக எப்சிபாவிடம் வந்து, "எதுல பேசணும்?" என்றாள்.

எப்சிபா கருவியை நீட்டினாள்.

"எம்பேரு சுடலைவடிவு. வரப்புக் கல்லுக்கு அடுத்த பட்டா எனக்கு. அந்தக் கல்லு நடந்துச்சு. வருசத்துக்கு ரெண்டு விரக்கடை கெழக்க. நடத்துனது நாங்கதான். நானும் ஏழு தடவ தூக்கி நட்டிருக்கேன்."

கருவி பேசியது. "இந்த வாக்குமூலத்தால் உங்கள் நிலம் எட்டு அடி குறையும். உங்களுக்குப் புரிகிறதா?"

"அத நேத்தே சொல்லிட்டாவ. மேல கேளு."

"சான்றளித்த அலுவலர் பிழையை ஒப்புக்கொள்கிறாரா?"

"ஒப்புக்கொள்கிறேன்," என்றாள் எப்சிபா. குரல் அவளுக்கே நன்றாகக் கேட்டது. "வெள்ளைத்தட்டின் பூஜ்யம் என்னுடைய பிழை. மற்ற ஊர்களையும் திறக்கலாம்."

வண்டி சில நொடிகள் அசையாமல் நின்றது. பிறகு மஞ்சள் கோடு மெல்ல விலகத் தொடங்கியது. கட்டிலை விட்டது, பானையை விட்டது, சாமியை விட்டது, சுவரிலிருந்து இறங்கி முற்றத்தைத் தாண்டி, கிழக்கே முப்பத்திரண்டு அடியில் பொட்டல் மண்ணில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு கணம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு எழுந்த கூச்சலில் பாத்திகளில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன.

வண்டி திரும்பி வடக்கே நகர ஆரம்பித்தது.

"எங்க போறான் இவன்?" என்று சிரித்தபடி கேட்ட தவசிக்கனி, வடிவு அதன் பின்னால் நடப்பதைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எட்டு அடின்னா… ஏ வடிவு! ஒன் அடுக்களையா?"

அவள் திரும்பவில்லை. முப்பது பேர் அவளுக்குப் பின்னால் நடந்தார்கள்.

வடக்கே வண்டி புதுக் கோடு ஒன்றை மட்டும் போட்டது. கோடு அடுக்களையின் நடுவே, அடுப்பை உரசிக்கொண்டு போனது. புதிய கோடு என்பதால் விதிப்படி இடிக்க முப்பது நாள் அவகாசம் என்று அறிவித்துவிட்டு வந்த வழியே போய்விட்டது.

"முப்பது நாள் எதுக்கு? மூணு நாள் போதும்," என்றார் தவசிக்கனி. "மேற்க எடம் கெடக்கு. நாப்பத்தோரு வீட்டாளும் வந்தா புது அடுக்களை எந்திரிச்சிரும். கல்லுக்கு எத்தன வருசம் தண்ணி சுமந்தோம், வடிவுக்குச் செங்கல் சுமக்க மாட்டோமா?"

வடிவு அவரிடமிருந்து கடப்பாரையை வாங்கினாள். வரப்புக் கல்லின் காலைச் சுற்றியிருந்த சிமெண்டை அவளே உடைத்தாள். இரண்டு பேர் தூக்கிவிட, சும்மாட்டின்மேல் கல்லை ஏற்றிக்கொண்டு நடந்தாள். எட்டு அடிதான். அடுக்களைக்குள் எப்சிபா ரோவர் கோலைப் பிடித்து, திரையைப் பார்த்துப் பார்த்துக் கல்லின் உண்மையான இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். வடக்கே ஒரு கை, கிழக்கே அரைச் சாண், இன்னும் இரண்டு விரல். கோல் நின்ற இடம் அடுப்புக்குப் பக்கத்திலிருந்த பலகை. நேற்று வடிவு உட்கார்ந்து டீ ஆற்றிய பலகை.

"இதை எடுக்கணும்," என்றாள் எப்சிபா.

வடிவு கல்லை இறக்கிவைத்துவிட்டுக் காலால் பலகையைத் தள்ளினாள்.

அடியில் சிமெண்ட் இல்லை. தரை முழுக்க வழவழவென்று பூசியிருந்தவள், அந்த ஒரு சாண் சதுரத்தை மட்டும் பூசாமல் விட்டிருந்தாள். சுற்றிலும் செங்கல் அடுக்கிக் கட்டிய சின்னக் குழி. குழியின் அடியில், கலையாமல், எண்பதும் பத்தொன்பதுமாகத் தொண்ணூற்றொன்பது வருடப் பழைய கரி.

எப்சிபா கரியைப் பார்த்தாள். பிறகு வடிவைப் பார்த்தாள். அடுக்களைக்கு அடித்தளம் தோண்டிய அன்றே இவள் இதைக் கண்டிருக்கிறாள். கல் எங்கே பிறந்தது என்று ஆறு வருடமாக இவளுக்குத் தெரியும். அதன்மேல் அடுப்பு வைக்காமல், சிமெண்ட் பூசி மறைக்காமல், பலகை மட்டும் போட்டு உட்கார்ந்து சோறு வடித்திருக்கிறாள்.

"வடிவு," என்றாள். "நீ அன்னைக்கு எங்கன நின்னு அளக்குதீயன்னு கேட்டதுக்கு…"

வடிவு கல்லைக் குழிக்குள் இறக்கி, மண் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினாள். அடுக்களைக் குடத்தில் மீதியிருந்த நல்ல தண்ணீரைக் கல்லின் தலையில் ஊற்றினாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சும்மாட்டுத் துணியை உதறித் தலையில் சுற்றிக்கொண்டு, வாசலில் நின்ற முப்பது பேரும் விலகி வழிவிட, பாத்திகளை நோக்கி இறங்கி நடந்து போனாள்.